நெஞ்சு நோவும் காணி உறுதியும்

மன்னார்க் கரையோரத்தில் மனம் நலிந்த ஒருவர் வைத்தியசாலைக்குப் போனால், 'மனச்சோர்வு' என்ற சொல் அவர் வாயில் வருவது அரிது. தலையிடி, நெஞ்சு நோ, கைகால் உளைவு, உடம்பெரிவு, நித்திரையில்லை என்றுதான் சொல்வார். சற்றுப் பொறுமையாக இருந்து கேட்டால் 'யோசனை கூடிப்போச்சு' என்பார். ஈழத்துப் பேச்சில் யோசனை என்றால் ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்து மனம் தேய்ந்துபோவது. இதய வரைபடம் எடுத்தால் பழுதில்லை, இரத்தப் பரிசோதனையும் சரி. வலிக்குக் குளிசை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே நோவோடு அதே வரிசையில் வந்து நிற்பார். அவர் நடிக்கிறார் என்று நினைப்பது பெரும் அநியாயம். மனத்தின் நெருக்கீடு உடலின் வழியாக வெளிப்படுவதை உளமருத்துவம் மெய்ப்பாடு என்கிறது. வலியை உணரும் நரம்பு வலையும் கவலையை உணரும் நரம்பு வலையும் மூளைக்குள் ஓரளவு ஒரே இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த நோ உண்மையான நோ. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் நல்ல ஆய்வொன்று மன்னார் மக்களோடு நேரடியாகத் தொடர்புடையது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். வெளியேறியவர்கள் ஏறத்தாழ 70,000 முதல் 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முசலிப் பகுதிக் கிராமங்களிலிருந்தும் வீடு, தோணி, வலை, மாடு, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். சில கிழமைகளில் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் புத்தளம் மாவட்டத்துக் கிடுகுக் கொட்டில்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளான பின், 2011இல், செஸ்மல் சிறிவர்தன என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் புத்தளத்தில் இந்த அகதிச் சமூகத்தின் 450 பேரைச் சந்தித்து அவர்களுடைய உளநலத்தை அளந்தார்கள். சிலர் 1990இல் நேரடியாகத் துரத்தப்பட்டவர்கள். வேறு சிலர் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

பெரும்பாலோர் எதிர்பார்த்திருக்கக்கூடிய முடிவு, போரின் கொடுங்கனவுகளால் அலைக்கழியும் ஒரு சமூகம் என்பது. கிடைத்த முடிவு வேறு. பழைய கொடுமை திரும்பத் திரும்பக் கண்முன் வந்து வதைக்கும் மனவடு நோய் 2.4 சதவீதத்தினருக்கு மட்டுமே இருந்தது. மெய்ப்பாட்டு நோயோ 14 சதவீதம். கடும் மனச்சோர்வு 5.1 சதவீதம், பிற மனச்சோர்வு வகைகள் 7.3 சதவீதம். ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கக்கூடும் என்பதால், எல்லாப் பொதுவான மனநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் 18.8 சதவீதம், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். யாருக்கு அதிகம் என்று பார்த்தபோது மூன்று காரணிகள் தெளிவாக முன்னின்றன. துணையை இழந்தவர்களிடமும் பிரிந்தவர்களிடமும் நோய்க்கான வாய்ப்பு விகிதம் 4.9, வேலையில்லாதவர்களிடம் 2.8, அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாதவர்களிடம் 1.7. இந்த மூன்றையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மூன்றுமே அந்த மனிதர் இன்று காலையில் கண்விழித்து எதிர்கொள்ளும் நிலைமைகள். 1990இன் அந்த நாள் அவர்களைப் புத்தளத்துக்குத் துரத்தியது. அவர்களில் சிலரை நோயாளியாக்கியதில் அதன் பிறகு வந்த ஏழாயிரத்துச் சொச்சம் நாட்களுக்கும் பெரும் பங்கிருக்கிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். இடம்பெயர்வை நாம் ஒரு சம்பவமாகவே எண்ணிப் பழகிவிட்டோம்: ஒரு தேதியில் நடந்தது, காயம் உண்டானது, இனிக் காயத்துக்கு மருந்து கட்ட வேண்டும். ஆனால் மன்னாரில் இடம்பெயர்வு பல குடும்பங்களுக்கு இன்னும் நடந்துகொண்டே இருக்கும் ஒரு நிலை. அது முடியாதவரைக்கும் உளவளத்துணை அறைக்குள் மட்டும் அதற்கு மருந்து தேடுவது, ஓட்டைத் தோணியில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். இறைக்கத்தான் வேண்டும், இறைக்காவிட்டால் தோணி தாழும். ஓட்டையை அடைப்பவரும் அதே தோணியில் இருக்க வேண்டும்.

இதன் உடலியல் அடிப்படையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது தகும். அச்சம் மூளையில் பதியும் விதமும் நீங்கும் விதமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை அல்ல. மணியோசையோடு உணவைச் சேர்த்துக் கொடுத்து நாய்களைப் பழக்கிய பாவ்லோவ், பிறகு உணவில்லாமல் மணியை மட்டும் அடித்து அந்தப் பழக்கத்தை மங்கச் செய்தார். மங்கிய பழக்கம் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திரும்பி வந்ததையும் அவர் கண்டார். அச்சமும் அப்படித்தான். பயந்த நினைவு மூளையிலிருந்து அழிக்கப்படுவதில்லை. 'இந்த இடத்தில், இப்போது, ஆபத்தில்லை' என்ற இன்னொரு பாடம் அதன்மேல் புதிதாக எழுதப்படுகிறது. எச்சரிக்கை மணியாகிய அமிக்டலாவை, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி அமர்த்தக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்றல் இடத்தையும் சூழலையும் பொறுத்தது, மறுபடி மறுபடி கிடைக்கும் பாதுகாப்பான அனுபவத்தையும் பொறுத்தது. பாதுகாப்பு உண்மையாகவே இல்லாத இடத்தில் அந்தப் பாடத்தை யாரும் எழுத முடியாது. ஆபத்து முடிந்துவிட்டது என்று ஆலோசகர் வாயால் சொல்லலாம். வாசலில் காவலரண் நிற்கும்போது மூளை காவலரணைத்தான் நம்பும், அது நம்புவதிலும் தவறில்லை.

இன்னொன்று நாட்பட்ட நெருக்கீடு. ஆபத்து வரும்போது அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சுரந்து உடலைத் தயார்ப்படுத்துகின்றன. ஆபத்து விலகியதும் அடங்கிவிட வேண்டிய ஏற்பாடு அது. நாளைய அரிசிக்கு வழி என்ன, காணிக்கு உறுதி கிடைக்குமா, தோணிக் கடனை எப்படிக் கட்டுவது என்ற கேள்விகளுக்கு விலகும் நேரம் கிடையாது. உடல் எந்நேரமும் அரைத் தயார்நிலையில் கிடக்கிறது. நரம்பியலாளர் புரூஸ் மெக்கீவன் இதனால் உடலில் சேரும் தேய்மானத்தை ஒரு சுமையாகக் கணக்கிட்டார். கடனை அடைக்க முடியாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் அவர் சொல்வது விளங்கும். அசல் அப்படியே நிற்க, வட்டியாக நித்திரை போகிறது, பசி போகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது. வைத்தியசாலை வரிசையில் நிற்கும் அந்த நோவின் கணக்கு இது. கென்னத் மில்லரும் அன்ட்ரூ ரஸ்முசனும் 2010இல் இந்தச் சான்றுகளை ஒன்றாகத் தொகுத்து ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். போரின் நேரடித் தாக்கத்தில் ஒரு பகுதி, அது விட்டுச்சென்ற அன்றாட இடர்களின் வழியாகவே மனத்தை வந்தடைகிறது என்பது அவர்களுடைய முடிவு. அவர்களுக்கு உதவிய சான்றுகளில் இலங்கையில் நடந்த ஆய்வுகளும் உண்டு.

மன்னாரில் அந்த அன்றாடம் எப்படி இருக்கிறது? மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில், முள்ளிக்குளம் என்ற கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம் இருக்கிறது. 2007 செப்டம்பரில் அதன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு ஊர் அவர்களிடம் வரவில்லை. அங்கே கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. மக்கள் அயலில் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக்கொண்டு, தங்கள் வீடு, வயல், குளம், கரைவலைப்பாடு எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்க, அவற்றைத் தொட முடியாமல் வாழ்ந்தார்கள். தங்கள் கோவிலில் பூசை காணவே அனுமதியோடு உள்ளே போய்வர வேண்டியிருந்தது. 2017இல் தெருவோரத்தில் கிழமைக்கணக்காக அமர்ந்து போராடிய பின், அந்த ஏப்ரல் கடைசியில் 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்று கடற்படை அறிவித்தது. பத்தாண்டு வேலிக்கு வெளியே நின்று சொந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு 'கடந்ததை மறந்துவிடுங்கள்' என்று ஆறுதல் சொல்வதில் என்ன பொருள் இருக்க முடியும்? அவருக்குக் கடந்துபோனது எதுவுமே இல்லை.

அதே முசலியில் மறிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பிய முஸ்லிம்களின் கதை வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. 20 ஆண்டு ஆளில்லாமல் கிடந்த ஊர்களைக் காடு மூடிவிட்டது. மூடிய காட்டை 2012இல் வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாக அறிவித்தார்கள். பிறகு தம் பழைய ஊரைத் துப்புரவாக்கி வீடு கட்டியவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று நாடு முழுவதும் பழிக்கப்பட்டார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருமுறை துரத்தப்பட்டவனிடம் இரண்டாம் முறை 'இது உன் இடமில்லை' என்று சொல்வதன் உளவிளைவை அந்த விவாதத்தில் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. கடலுக்குப் போனால் இன்னொரு நெருக்கடி. போர்க்காலத்தில் கடல் தடையால் கரையில் கிடந்த பேசாலை, தலைமன்னார் மீனவர்கள், தடை நீங்கிய பின் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவதையும் கடலடியை வழித்தெடுப்பதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அடிமட்ட இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் வந்ததனால் கடல் அமைதியாகிவிடவில்லை. வலை இழந்தவனின் கடனும் குடியும் வீட்டுச் சண்டையும் உளநலப் பிரிவின் பதிவேட்டில் வந்து விழும்போது, அவற்றின் காரணமாக 'மீன்பிடி' என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டமில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான முடிவின்மை காணாமற்போனவர்களைப் பற்றியது. இழவிரக்கத்துக்கு ஒரு பாதை உண்டு. உடல் வேண்டும், சடங்கு வேண்டும், ஊர் வந்து அழ வேண்டும். ஒப்பாரியும் எட்டும், முப்பத்தொன்றாம் நாள் பூசையும், முஸ்லிம் வீடுகளில் கத்தமும் இத்தாவும் அந்தப் பாதையில் ஊர் நட்டு வைத்த மைல்கற்கள். ஆள் காணாமற்போனால் அந்தப் பாதை தொடங்குவதே இல்லை. பொட்டை அழிப்பதா வைப்பதா, இத்தா இருப்பதா வேண்டாமா என்ற கேள்விகளோடு ஒரு பெண் பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் நின்றுவிடுகிறாள். போலின் பொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். இது நோயாகத் தோன்றினாலும் அடிப்படையில் நிலைமையின் குழப்பம், மனத்தின் குறைபாடல்ல என்பது அவருடைய முக்கியமான அவதானிப்பு. மன்னாரின் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேரின் கணக்கைக் கேட்டார். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தருகே குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு மண் அகழ்ந்தபோது இன்னும் பெரிய புதைகுழி வெளிப்பட்டது. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. மியாமி ஆய்வுகூடத்துக்குப் போன மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2019இல் அறிக்கை வந்தது. அறிவியலாக அது ஒரு விடை. வேலியோரத்தில் மாதக்கணக்காக நின்று, அந்த எலும்புகளில் தன் மகன் இருக்கக்கூடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது மறுபடியும் தொடக்கத்துக்குத் தள்ளிய செய்தி. அந்த அறிக்கை வந்த நாளில் அவர்களோடு இருப்பதற்கு உளநலப் பணியாளர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக்கூடாது. 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2011இல் வெளிவந்தது. மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதம், பதகளிப்பு 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம். முகாமில் இருந்தவர்களிடம் மனச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம், நெடுங்காலம் ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட 4.55. ஆனால் அவரவர் கண்ட கொடுமைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்த்தபோது, இடம்பெயர்வுக்கும் நோய்க்கும் இருந்த அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. அப்படியானால் காயப்படுத்துவது கொடுமைதானே, முகாம் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை காலத்தைப் பற்றியது. அந்த ஆய்வு, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து நான்கு மாதங்களுக்குள் எடுக்கப்பட்டது. முகாமில் இருந்தவர்களே மிகுந்த கொடுமையைக் கண்டவர்களாகவும் இருந்ததால், இரண்டையும் புள்ளிவிபரத்தால் பிரிப்பது கடினம். புத்தளம் ஆய்வு 20 ஆண்டு தள்ளி எடுக்கப்பட்டது. அங்கே பழைய பயம் தணிந்திருக்க, வறுமையும் தனிமையும் மேலெழுந்து தெரிந்தன. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கொடுமை தொடக்கி வைக்கிறது, நிலைமை நீடிக்கச் செய்கிறது. ஒருவேளை இந்தப் பிரிவு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் இன்று மன்னாரில் நாம் மாற்றக்கூடியது 1990ஐயோ 2009ஐயோ அல்ல.

இன்னொரு பக்கத்திலிருந்து, ஐந்தில் நால்வர் நோயின்றி இருக்கிறார்கள், எங்கள் சனம் எதையும் தாங்கும், மடுமாதாவும் பள்ளிவாசலும் போதும் என்ற குரலும் கேட்கும். தாங்குகிறார்கள் என்பது உண்மை. சடங்கும் கூட்டு வழிபாடும் மனத்தை ஆற்றும் என்பதை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தம் வாழ்நாள் பணியில் விரிவாகவே காட்டியிருக்கிறார். போரில் உடைவது தனி மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் அவற்றின் நம்பிக்கையும் சேர்ந்தே உடைகின்றன என்று அவர் எழுதியது இந்தத் துறையில் நிலைத்த பங்களிப்பு. ஆனால் அதே மடுவில் தஞ்சமிருந்தவர்கள்மேல் 1999 நவம்பரில் ஷெல் விழுந்தது. 2006 ஜூனில் பேசாலைத் தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்தவர்கள்மேல் தாக்குதல் நடந்தது. ஆற்றும் இடங்களும் காயப்பட்டவை. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 2019இல் செய்யப்பட்ட தொகுப்பாய்வு, மோதல் நடந்த நாடுகளில் 22.1 சதவீதத்தினருக்கு ஏதோவொரு மனநோய் இருப்பதாக மதிப்பிட்டது. புத்தளத்தின் எண்ணிக்கை அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. பெரும்பாலோர் தாங்குவதைக் காட்டி மீதிப்பேரை விட்டுவிடுவதை எந்தச் சமூகமும் தன் பெருமையாகச் சொல்லக்கூடாது.

சரி, காணியும் வேலையும் கொடுத்துவிட்டால் வைத்தியர் எதற்கு என்று கேட்டால், அதுவும் பிழைதான். இல்லாத குரல்கள் கேட்கும் கடும் நோய்க்கு மாத்திரை வேண்டும், இடைவிடாமல் வேண்டும். இடம்பெயரும்போது முதலில் அறுந்துபோவது அந்த மாத்திரைதான். பேச்சுவழிச் சிகிச்சையும் வேலை செய்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் வட இலங்கை முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆசிரியர்களைப் பழக்கி ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். நடந்ததைக் கதையாகச் சொல்லவைத்த பிள்ளைகளில் 81 சதவீதமும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்த பிள்ளைகளில் 71 சதவீதமும் ஆறு மாதத்தில் மீண்டிருந்தார்கள். அதே வடக்கில் போரின் நடுவே 399 பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த வகுப்பறைத் திட்டமோ ஒட்டுமொத்தப் பயனைக் காட்டவில்லை. போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே அது ஓரளவு உதவியது. சிறுமிகள் சிலருக்கு எதிர்மாறாகவும் போனது. வெளியே ஆபத்து தொடரும்போது உள்ளே சிகிச்சை எவ்வளவு தடுமாறும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. மேலும், நன்மை செய்யும் எண்ணமே போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்பதையும் அது உணர்த்துகிறது. பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒருமுறை கொட்டவைக்கும் முறை ஒருகாலத்தில் உலகெங்கும் நடந்தது. அது பயன்தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்று தெரிந்த பின் கைவிடப்பட்டது.

ஆகவே இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டல் இதை நான்கு அடுக்குக் கோபுரமாக வரைந்தது. அகன்ற அடித்தளம் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும். அதன்மேல் குடும்ப, சமூக ஆதரவு. அதன்மேல் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களின் உதவி. ஒடுங்கிய உச்சியில் நிபுணர்கள். இலங்கையில் நடைமுறை இந்தக் கோபுரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி வெவ்வேறு கந்தோர்களில் வைத்திருக்கிறது. காணி பிரதேச செயலகத்திலும் கடற்படையிலும் வனத் திணைக்களத்திலும் கிடக்கிறது. கடல் கடற்றொழில் அமைச்சிடம். காணாமற்போனோர் பற்றிய கோவை அதற்கான அலுவலகத்திடம். நோவு மட்டும் வைத்தியசாலையிடம். ஒரே குடும்பம் இந்த நான்கு வாசல்களிலும் தன் கதையை முதலிலிருந்து சொல்கிறது. ஒவ்வொரு வாசலிலும் 'இது எங்கள் வேலையில்லை' என்று கேட்டுத் திரும்புவதும் ஒரு நெருக்கீடுதான்.

பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடியவை இருக்கின்றன. நெஞ்சு நோவோடு மூன்றாம் முறை வருபவரிடம் வீடு, காணி, கடன், சாப்பாடு, காணாமற்போன உறவு பற்றி ஐந்து கேள்விகள் கேட்டு எழுதிவைக்க ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையத்தின் தாதியரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் பழக்கலாம். பாகிஸ்தானின் பெஷாவரில் மருத்துவரல்லாத பணியாளர்கள் ஐந்து அமர்வுகளில் மக்களின் அன்றாடப் பிரச்சினையையும் மனநெருக்கீட்டையும் சேர்த்துக் கையாண்டு பலன் கண்டதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அதை மன்னார்த் தமிழில் செய்யத் தடையேதும் இல்லை. புதைகுழி அறிக்கையோ காணி விடுவிப்போ வரும் நாளை உளநலப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். அங்கே சேரும் தகவல்கள், ஆள் பெயர் இல்லாமல், காணியைத் தீர்மானிப்பவர்களின் கைக்குப் போக வேண்டும். எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் நித்திரையின்றி இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் காணி உறுதி இல்லை என்பது அவர்கள் பார்த்தாக வேண்டிய கணக்கு. மன்னார் மாவட்டச் செயலகத்தில் அடுத்த முறை காணி விடுவிப்புக் கூட்டம் கூடும்போது, கடற்படைக்கும் வனத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலாளர்களுக்கும் போடும் வரிசையில் மாவட்ட உளநல மருத்துவ உத்தியோகத்தருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.